டாக்டர் கைது செய்த கதை

ஒரு பெண்ணை அவருடைய டாக்டரே கைது செய்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் எழுதி, அதற்கு பில்லும் போட்டு அனுப்பியவன் நான். லியோனில் ஏதோ ஒரு ஆபீஸில் வேலை பார்த்தவர், தன் மேலதிகாரிக்கு எழுதிய இரண்டு வரி மெயில் அது. ‘மோன் மெத்சேன் மா அரெத்தே’ என்றிருந்தது. போலீஸ் ஒருவனைப் பிடித்தாலும் பிரெஞ்சில் அந்த வினைதான். வேலைக்குப் போகாதே என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் அதே வினைதான். ‘டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாரு’ என்று நாம் சொல்வோமே, அதைத்தான் அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். ஏஜென்சியில் சரிபார்ப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: டாக்டர்களுக்கு எப்போதிலிருந்து இந்த அதிகாரம்? நான் சும்மா இருந்திருக்கலாம். அகராதிப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பி வாதாடினேன். தப்பைவிட அந்த வாதாட்டம்தான் இன்றைக்கும் ராத்திரி நேரத்தில் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

ஆழ்வார்திருநகரியில் உட்கார்ந்துகொண்டு பிரெஞ்சுக்காரர்களின் லீவ் காகிதங்களை இங்கிலீஷில் மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. பாரிஸில் கிளை வைத்திருக்கும் லண்டன் கம்பெனிக்கும் அமெரிக்க கம்பெனிக்கும், ஊழியர் ஏன் வரவில்லை, எத்தனை நாள் வரமாட்டார், யார் சம்பளம் கொடுப்பது என்று தெரிய வேண்டும். இன்சூரன்ஸ்காரர்களுக்கும் தெரிய வேண்டும். அந்தக் காகிதங்கள் கை மாறிக் கை மாறிக் கடைசியில் தாமிரபரணிக் கரைக்கு வந்து சேர்கின்றன. நான் பிரான்ஸைப் பார்த்ததில்லை. புதுச்சேரி வரை போயிருக்கிறேன். ப்ளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்று சென்னைப் பள்ளியில் சொன்னார்கள், எடுத்தேன், கொட்டியது. கொட்டிய மார்க்கை மொழியறிவு என்று நம்பி மேலும் சில பரீட்சைகள் எழுதினேன். அப்பா போன பிறகு அம்மாவோடு இருக்க ஊருக்கு வந்தேன், தொழிலும் கூடவே வந்தது.

ஊரில் இதை விளக்குவது பெரும்பாடு. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஒருவர் கேட்டார், “என்ன வேல பாக்கிய?” பிரெஞ்சுக்காரன் போடுற லீவ் லெட்டரை இங்கிலீஷ்ல எழுதுறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அவன் லீவு போட்டா ஒங்களுக்குச் சம்பளமா?” என்றார். இதைவிடச் சுருக்கமாக என் தொழிலை யாரும் சொன்னதில்லை.

எனக்கு முன்னால் இந்தப் பக்கம் பிரான்ஸோடு தொடர்புள்ள ஒரு ஆள் வந்திருக்கிறார். மேற்கே ஆதிச்சநல்லூர் பரம்பில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரிஸிலிருந்து லூயி லாப்பிக் என்பவர் வந்து தாழிகளைத் தோண்டிப் பார்த்தார். தொல்லியல் அவருடைய மூலத்தொழில் இல்லை, உடலியங்கியல்காரர். நரம்பு எவ்வளவு சீக்கிரம் தூண்டப்படுகிறது என்று அளந்து பெயர் வாங்கியவர். வேறு தொழிலுக்குள் புகுந்து தோண்டுவதில் நான் அவருக்கு வாரிசு. அவருக்குத் தாழி கிடைத்தது.

எனக்குக் கிடைத்தது ‘அரே த த்ராவாய்’. உடம்பு சரியில்லாதவர் வேலைக்குப் போகாமல் இருப்பதற்கு பிரான்ஸில் அதுதான் பெயர். நேராக மாற்றினால் வேலை நிறுத்தம். நானும் நேராகவே மாற்றினேன். ‘ஒர்க் ஸ்டாப்பேஜ்’ என்று ஒரு நர்ஸின் கோப்பு முழுக்க எழுதித் தள்ளினேன். ஆங்கிலத்தில் அதைப் படிக்கிறவனுக்குக் கொடி, கோஷம், கேட் மீட்டிங் எல்லாம் கண்ணில் வரும். முதுகெலும்புத் தட்டு விலகிப் படுத்திருந்த அந்த நர்ஸ், இன்சூரன்ஸ் கம்பெனியின் பார்வையில் பல வாரம் ஸ்டிரைக்கில் இருந்தார். ஸ்டிரைக் நாளுக்கு இழப்பீடு உண்டா என்று அவர்கள் கேட்டு எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்தது ‘காரான்ஸ்’. அகராதியில் பற்றாக்குறை, சத்துக்குறைவு. லீவ் கோப்பில் வருவதால் வைட்டமின் பற்றாக்குறையாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மையில் அது, நோய் லீவ் ஆரம்பித்த முதல் சில நாட்களுக்குக் காசு கிடையாது என்ற விதி. பிரான்ஸின் தனியார் துறையில் செக்யூரிதே சோசியால் என்ற சமூகக் காப்பீட்டு அமைப்பு நாலாம் நாளிலிருந்துதான் தினப்படி கொடுக்கும். முதல் மூன்று நாள் நம் தலையில். அரசு ஊழியருக்கு ஒரு நாள். இதைப் புரிந்துகொள்ள நான் பாரிஸ் இணையதளங்களில் ராத்திரி ராத்திரியாக அலைந்தேன். விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்த சித்தப்பாவிடம் ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பேச்சுவாக்கில் சொன்னார்: “இ.எஸ்.ஐ.லயும் அப்படித்தான்டே. மொத ரெண்டு நாளுக்குப் பைசா கெடையாது. பதினஞ்சு நாளுக்குள்ள திரும்பக் காய்ச்சல் வந்தா உண்டு.” அவர் சொன்னது சட்டப்படியும் சரி. 1948-ஆம் வருஷத்து ஊழியர் காப்பீட்டுச் சட்டத்தில் முதல் இரண்டு நாள் கழிவு. முந்தின நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்தக் கழிவு இல்லை. அதற்கப்புறம் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டே இவ்வளவையும் சொன்னார். நான் அதற்கு முந்தின மாதம்தான் ‘வைட்டமின் குறைபாட்டுக் காலம் மூன்று நாள்’ என்று எழுதி அனுப்பியிருந்தேன்.

காரான்ஸை ஒருவழியாகக் கற்றுக்கொண்டதும் எனக்குத் திமிர் வந்துவிட்டது. இதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஸ்த்ராஸ்பூரிலிருந்து ஒரு கம்பெனியின் ஊழியர் கையேடு வந்தது. அதில், நோய் லீவின் முதல் நாளிலிருந்தே கம்பெனி சம்பளம் கொடுக்கும், காரான்ஸ் இல்லை என்று போட்டிருந்தது. இவனுக்கு பிரெஞ்சுச் சட்டமே தெரியவில்லையே என்று இங்கிருந்து நான் வருத்தப்பட்டேன். வருத்தப்பட்டதோடு விட்டேனா? மூன்று நாள் காரான்ஸை நானே சேர்த்து, ‘மூலத்தில் இருந்த பிழை திருத்தப்பட்டுள்ளது’ என்று குறிப்பும் எழுதினேன். ஸ்த்ராஸ்பூர் இருக்கும் அல்சாஸ் பகுதியும் பக்கத்து மொசேலும் 1871-லிருந்து 1918 வரை ஜெர்மனியிடம் இருந்தவை. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்திலேயே, 1883-இல், தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. பிரான்ஸ் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகும் அந்தப் பகுதிக்காரர்கள் தங்கள் பழைய சட்டத்தில் நல்லதாக இருந்ததை விட்டுக்கொடுக்கவில்லை. முதல் நாளிலிருந்து சம்பளம் என்பது அந்த ‘உள்ளூர்ச் சட்டத்தில்’ ஒன்று. கொஞ்ச காலம் ஜெர்மன்காரனாக இருந்ததற்கு ஸ்த்ராஸ்பூர்த் தொழிலாளிக்குக் கிடைத்த மூன்று நாள் சம்பளத்தை, ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு வரியில் நான் பிடுங்கிவிட்டேன். கம்பெனியின் வக்கீலிடமிருந்து வந்த பதில் மிகவும் மரியாதையாக இருந்தது. மரியாதை அவ்வளவு கூடினால் உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா.

சின்னச் சின்னதாக வேறு சில. பிரசவத்துக்கு முன்னால் கர்ப்பிணிக்கு உடம்பு முடியாமல் போனால், பிரசவ விடுப்புக்கு மேல் 14 நாள் கூடுதலாகக் கிடைக்கும். அதை ‘கோன்ஜே பத்தோலொஜிக்’ என்பார்கள். நான் ‘பேத்தலாஜிக்கல் லீவ்’ என்று எழுதினேன். தீராத லீவ் வியாதி பிடித்தவள் என்று அர்த்தம் கொடுத்துவிட்டேன் ஒரு நிறைமாதக்காரிக்கு. பெரிய நோயிலிருந்து மீண்டவர் கொஞ்ச நேரம் மட்டும் வேலை பார்க்க டாக்டர் அனுமதிப்பது ‘மித்தான் தெராபெத்திக்’; என் கையில் அது ‘ஹாஃப் டைம் தெரபி’ ஆனது. கால்பந்து இடைவேளையில் காலுக்குத் தைலம் தேய்ப்பது மாதிரி.

என் இங்கிலீஷைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘மெடிக்கல் லீவ் முடிந்து ஃபிட்னஸ் சர்டிபிகேட்டுடன் டூட்டியில் ஜாயின் செய்தார்’ என்று ஒரு முறை எழுதினேன். நம் ஊர் ஆபீஸ்களில் இதைவிடச் சுத்தமான இங்கிலீஷ் கிடையாது. லண்டனில் படித்தவர், இந்த ஊழியர் ஜிம்மில் சேர்ந்திருக்கிறாரா என்று கேட்டார். கேட்கிற அவர் ஊரில் 2010 ஏப்ரலிலிருந்து, உடம்பு சரியில்லாதவனுக்கு டாக்டர் கொடுக்கும் சீட்டுக்குப் பெயரே ‘ஃபிட் நோட்’. முதல் ஏழு நாளுக்கு அதுவும் வேண்டாம், ‘எனக்கு முடியவில்லை’ என்று தானே எழுதிக் கொடுத்தால் போதும். சரி, இனிமேல் ஃபிட் நோட் என்று மனதில் குறித்துக்கொண்டு அடுத்த கோப்பில் போட்டேன். அது அமெரிக்காவுக்குப் போகும் கோப்பு. அங்கே 1993-இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் வரை வேலையைக் காப்பாற்றிக் கொடுக்கும், சம்பளம் கொடுக்காது. சம்பளத்தோடு மாதக்கணக்கில் ஒருவர் படுத்திருப்பதற்கு அவர்களிடம் சொல் தேட வேண்டியதில்லை, அந்த வழக்கமே அரிது. என்ன எழுதினாலும் நடுவில் ஒரு குழப்பக் கடிதம் வரும்.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணாச்சி இந்தக் கதைக்குள் வருகிறார். எதிர் வீடு. பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ரிட்டயரானவர். விடுப்பு விதிகள் விரல் நுனியில். எந்த வாத்தியாரின் பணிப்பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் சிவப்பு மை இருந்தது என்றுகூடச் சொல்வார். ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்னவே எழுதுதீரு?”

“பிரான்ஸ்ல அரசு ஊழியரோட லீவ் அண்ணாச்சி. சி.எல்.எம்.னு ஒண்ணு, சி.எல்.டி.னு ஒண்ணு. முதலாவது மூணு வருஷம் வரைக்கும் எடுக்கலாம்.”

“மூணு வருஷமா? சி.எல்.லா?” அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார். “தற்செயல் விடுப்பு வருஷத்துக்குப் பன்னெண்டு நாளுவே! பதிமூணாவது நாளு கேட்டு வந்தவன எத்தன பேர திருப்பி அனுப்பியிருக்கேன்!”

சி.எல். என்றால் இங்கே வேறு என்று அவருக்குப் புரியவைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. சி.எல்.எம். நீண்ட நோய் விடுப்பு, மூன்று வருஷம். சி.எல்.டி. நீண்ட கால விடுப்பு. ஐந்து வருஷம், ஆனால் காசநோய், மனநோய், புற்றுநோய், போலியோ, பின்னால் வந்து சேரும் தீவிர நோயெதிர்ப்புக் குறைபாடு ஆகிய ஐந்துக்கு மட்டும். நான் இரண்டையுமே ‘லாங் சிக் லீவ்’ என்று எழுதிவைத்திருந்தேன். ஒரே பக்கத்தில் லாங் சிக் லீவ் மூன்று வருஷம் என்றும், அடுத்த பத்தியில் லாங் சிக் லீவ் ஐந்து வருஷம் என்றும் இருந்தது.

அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “ஈட்டிய விடுப்பும் ஈட்டா விடுப்பும் ஒண்ணாவே?” என்றார். “ரெண்டுலயும் ஆளு வீட்லதான் இருப்பான். ஆனா பதிவேட்டுல ஒண்ண மத்ததுல எழுதுனா ஆடிட்ல கழுத்தப் புடிப்பான். சம்பளம் வேற, சான்று வேற, கணக்கு வேற. நீரு ஆளு எங்க படுத்துருக்கான்னு பாக்கீரு. எந்தக் கணக்குல படுத்துருக்கான்னு பாக்கணும்.” இதை எந்த மொழிபெயர்ப்பு வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பதினாறு வருஷம் புளிய மரத்தடியில் பேசாமல் இருந்த நம்மாழ்வாரை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. அண்ணாச்சி தினமும் ஆதிநாதர் கோயிலுக்குப் போகிறவர். கேட்கவில்லை.

அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் அண்ணாச்சிதான். ஆனால் அவராலும் சரிசெய்ய முடியாத ஒரு கோளாறு என் மொழிபெயர்ப்பில் இருந்தது. அதை அவர் கோளாறாகவே பார்க்கவில்லை.

பிரான்ஸில் டாக்டர் எழுதும் சீட்டு மூன்று தாள். இரண்டு தாள் காப்பீட்டு அலுவலகத்துக்கு, மூன்றாவது முதலாளிக்கு. 48 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இப்போது பெரும்பாலும் டாக்டரே கம்ப்யூட்டரில் அனுப்பிவிடுகிறார். முதலாளிக்குப் போகும் தாளில் நோய் என்ன என்று இருக்காது. அது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. முதன்முதலில் அந்த மூன்றாவது தாளைப் பார்த்தபோது, ‘நோயின் பெயர் விடுபட்டுள்ளது, கவனிக்கவும்’ என்று ஏஜென்சிக்கு எழுதினேன். அண்ணாச்சியிடம் சொன்னபோது அவரும், “ஆமா, என்ன நோக்காடுன்னு எழுதாம எப்படிவே சாங்ஷன் பண்ணுவான்?” என்றார். வயிற்றுப்போக்கு என்று எழுதிய என் லீவ் லெட்டரை வாத்தியார் வகுப்பில் உரக்கப் படித்து வளர்ந்தவன் நான். அந்தத் தாளில் ரகசியம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதோடு நிற்கவில்லை. பிரெஞ்சில் ஊழியர் முதலாளிக்கு ‘தெரிவிக்கிறார்’. டாக்டர் மருந்து எழுதுவது போலவே லீவையும் எழுதிக் கொடுக்கிறார், ஊழியர் தகவல் சொல்கிறார், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் முதலாளி வேறு டாக்டரை வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம். அதற்காகத்தான், வெளியே போக டாக்டர் தாராளமாக விடாத பட்சத்தில், காலை 9 முதல் 11 வரையும் மதியம் 2 முதல் 4 வரையும் வீட்டில் இருக்க வேண்டும் என்ற விதி. ஆனால் லீவ் கொடுப்பதும் மறுப்பதும் அவர் கையில் இல்லை. என் மொழிபெயர்ப்பில் மட்டும் பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ‘ரிக்வெஸ்ட்’ செய்தார்கள். ‘கைன்ட்லி’ கேட்டார்கள். ஒரு தொழிற்சங்கத் தலைவர்கூட, மூட்டு வலிக்காக, தாழ்மையுடன் வேண்டிக்கொண்டார். ‘தெரிவிக்கிறேன்’ என்ற வினையைக் கண் பார்க்கும்; கை ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்று டைப் செய்யும். எவ்வளவோ கோப்புகள் இப்படிப் போயிருக்கின்றன. கம்பெனிக்காரர்கள் யாரும் புகார் சொல்லவில்லை. ஊழியர்கள் பணிவாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

2023 டிசம்பர் 17, 18-இல் வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு அப்படியே நின்றது. ஆறு எது, வயல் எது, வாழைத்தோப்பு எது என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. என் கம்ப்யூட்டரில் பாதி முடிந்த கோப்பு ஒன்று கிடந்தது: 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லாத ஊழியருக்கு என்ன நடக்கும் என்பது பற்றியது. அம்மாவைக் கைத்தாங்கலாக அண்ணாச்சி வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டு, பால் பவுடர் காப்பி குடித்துக்கொண்டு நாங்கள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு இ.எஸ்.ஐ. இல்லை, ஈட்டிய விடுப்பு இல்லை, ஈட்டாததும் இல்லை. கோப்பு வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. வருஷம் முழுக்கவும் காரான்ஸ்தான்.

சிக்னல் வந்த அன்றைக்கு, மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, பாரிஸில் இருக்கும் புராஜெக்ட் மேனேஜருக்கு பிரெஞ்சில் மெயில் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், முழுக்க என் ஆறாம் வகுப்பு லீவ் லெட்டர். எதிர்பாராத வெள்ளம் காரணமாகக் கோப்பை முடிக்க இயலவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன், தயவுகூர்ந்து பொறுத்தருளி அவகாசம் அளிக்குமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பிரெஞ்சில் இவ்வளவு தாழ முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

பதில் உடனே வந்தது. செய்தியில் பார்த்தோம், நீங்களும் அம்மாவும் நலமா, இதற்கெல்லாம் அனுமதி கேட்க வேண்டாம், முடிந்தபோது தெரிவித்தால் போதும் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். நல்ல மனுஷி. கீழே திருத்திய ஆர்டர் ஒன்று இணைத்திருந்தது. தாமதத்துக்காகக் கூலியில் பத்து சதவீதம் கழித்திருந்தார்கள், அது கம்ப்யூட்டர் தானாகச் செய்வதாம்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். மற்றதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை.

“பிடித்தமா? எந்த விதியின் கீழ பிடிச்சானாம்?”

“விதியெல்லாம் இல்ல அண்ணாச்சி, சிஸ்டம்ல...”

“விதி இல்லாம எப்படிவே பிடிப்பான்? விளக்கம் கேட்டானா? நோட்டீஸ் குடுத்தானா? ஆணை நகல் எங்க?” ஈரம் படாத இடத்திலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அனுப்புநர், பெறுநர் போட்டார். பொருள் என்ற இடத்தில், ‘ஊதியப் பிடித்தம் - ரத்து செய்யக் கோருதல் - தொடர்பாக’ என்று மணியான கையெழுத்தில் எழுதினார். அதற்குக் கீழே வந்ததும் பேனா நின்றது.

“பார்வைன்னு என்னத்தவே போட? அவன் மெயிலுக்கு ந.க. எண் உண்டுமா?”